தீவகத்துக் கிராமச் சங்கங்கள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள தமிழ்ச் சாசனம், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினது என்பர் அறிஞர். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்திறங்கவேண்டும், அவர்க்குக் காவல் உண்டு என்று அது கூறுகின்றது. யானை குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கும், வாணிகச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் அரைப்பங்கும் பண்டாரத்துக்குரியன என்றும் விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. சாசனத்திலே அரசனுண்டு, பண்டாரமுண்டு, கப்பலுடையவனுமுண்டு. துறையிலே குடியிருந்த ஊரவரைப் பற்றிப் பேச்சில்லை. இதற்கு இரு நூற்றாண்டு முன்னரே சோழநாட்டு உத்தரமேரூரிற் குடவோலையிட்டு வாரியங்களைத் தெரிந்தெடுத்தனர். தீவகத்தார் தம் ஊர்க்காரியத்தைத் தாமே பேசி முடிக்கும் மன்றத்தை எப்பொழுது பெற்றனர் என்பதே இங்கு யாம் ஆராயப் புகுந்தது.

போர்த்துக்கேயரும் அவர்பின் ஒல்லாந்தரும் யாழ்ப்பாண நாட்டைக் கோயிற்பற்றுகளாக வகுத்து ஆண்டனர். பல்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிலே தீவகத்துக் கோயில்களும் இடம்பெற்றுள்ளன. அல்லைப்பிட்டியும் வேலணையும் அவற்றுட் சேர்ந்தவை. கோயிலை அடுத்துப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே ஞானஸ்நானமும் விவாகமும் பதிந்து தோம்பு வைத்திருந்தார். பிள்ளை வராவிடிற் பெற்றோருக்குத் தண்டம். ஆசிரியத் தொழிலையே செய்துவரும் எனக்கு இதனைப் படிக்குந்தோறும் சிறிது கூச்சமுண்டாவதுண்டு. வேறு தோம்புகள் காணியையும் தலையையும் எண்ணின; அவ்வெண்ணிக்கையைக் கொண்டே தலைவரியும் ஊழியமும் அறவிடப்பட்டன. ஆகவே கோயிற்பற்று என்பது ஊரவரை எண்ணுதற்கு ஏற்பட்டதன்றி, அவரைக் கேட்டறிதற்கு ஏற்பட்டதன்று. இங்கிலாந்திலும் ஊர்க்காரியம் நெடுங்காலம் கோயிற்பற்றின் கையிலேயே இருந்தது. ஆனால் 1894ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் திருச்சபையினின்றும் பிரித்து, குடிகள் தெரிந்தெடுக்கும் சபையிடம் ஒப்புவித்தது. அங்கே கோயிற்பற்றே கிராம சபையாய் வளர்ந்தது. இங்கே ஒல்லாந்தர் ஆட்சியோடு அது பெயரளவாயிற்று.

ஆங்கிலேயர் ஊழியத்தை நீக்கினராயினும், 1848ஆம் ஆண்டுத் தெருக் கட்டளைச் சட்டத்தால் ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் பணங் கட்டவேண்டும் என்றனர். 1856இல் வயல் நீர்ப்பாய்ச்சலுக்காகப் பழைய கிராமச் சபைகள் புதுப்பிக்கப்பட்டன. பெருங்குளமும் வாய்க்காலும் இல்லாத தீவகத்துக்கு அதனால் ஆயது சிறிதே. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே கிராமச் சங்கம் என்னும் அமைப்புக்கு அடிகோலியது. எனினும் மணியகாரர் முதலிய தலைமைக்காரர் கை ஓங்கியிருக்க, ஊரவர் அவர் முகம் பார்த்தே பேசினர். 1938ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பின்னரே அங்கத்தவர் யாவரும் தெரிந்தெடுக்கப்பட்டு, அவர் தம்முள் ஒருவரைத் தலைவராக்கும் முறை வந்தது.

சங்கத்தின் தொழில்கள் யாவை? ஒழுங்கை திருத்தல், தெருவிளக்கேற்றல், சந்தை நடத்தல், சுடலை பேணல், கட்டாக்காலி மாடு பிடித்தல், வாசிகசாலைக்கு உதவுதல். இவை யாண்டும் உள்ளவை. தீவகத்துக்குச் சிறப்பாக உரியது கிணறு. இங்கு நிலத்தடியிலே முருகைக்கல்லுள் மழைநீர் மெல்லிய படையாகக் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவின்றி அள்ளினால் அடியிலுள்ள உவர் மேலெழும். பின்பு அக்கிணறு பல மாரி கழிந்தாலும் எளிதில் தேறாது. எந்தக் கிணறு கோடையிலும் நன்னீர் தரும், எதனை இறைத்தற்கு விடலாகாது என்பதை அவ்வூரிலே பிறந்து வளர்ந்தவனே அறிவான். அவ்வறிவு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தமையே சிறு சங்கத்தின் பெருமை.

அதன் சிறுமையையும் மறைத்தலாகாது. சோலைவரியும் ஏக்கர்வரியும் கொண்டு வரும் வருமானம் அற்பம். சங்கத்து ஆசனங்கள் பெரும்பாலும் ஆதிக்கமுடைய குடும்பங்களையே சுற்றிவந்தன. பொதுக்கிணறு என்று எழுதப்பட்டிருந்ததில் எல்லாரும் அள்ள விடப்படவுமில்லை. சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் கொழும்பிலிருந்தே வரவேண்டியிருந்தது. அண்மை என்பது எப்பொழுதும் நீதியாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வர, பட்டின சபைகளும் கிராம சபைகளும் கலைந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரதேச சபைகள் தோன்றின; ஆனால் 1990இலே தீவகத்து மக்களுட் பெரும்பாலார் போரினால் இடம்பெயர்ந்தனர். 1998, 2011, 2018, 2025 ஆகிய ஆண்டுகளிலே தேர்தல்கள் நிகழ்ந்துள்ளன. காரைநகர் நீங்கலாகத் தீவகத்துக்கு இன்று மூன்று சபைகள்: ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு.

பெரிய சபைக்குப் பவுசரும் உழவு இயந்திரமும் உண்டு. பழைய சங்கத்துக்கு இவை கிட்டியிரா. ஆயினும் ஒருமுறை வகுப்பிலே, உங்கள் வட்டாரத்து அங்கத்தவர் யார் என்று கேட்டேன். சனாதிபதி பெயரும் பாராளுமன்ற உறுப்பினர் பெயரும் வந்தன. கேட்ட பெயர் வரவில்லை. பிள்ளைகளைக் குறைகூற எனக்கு மனமில்லை. முன்னர்த் தனக்கெனக் கிராம சபை வைத்திருந்த நயினாதீவு இன்று வேலணைச் சபையின் பகுதி; அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைச் சபையின் பகுதி. சுற்றிலும் கடலிருந்தும் இவற்றுக்குத் தனிச்சபை வாய்க்கவில்லை, நெடுந்தீவுக்கு வாய்த்தது. நயினாதீவு அங்கத்தவர் தம்மூர்க் கிணற்றைப் பற்றிச் சபையிலே பேசவேண்டின் முதலில் குறிகட்டுவானுக்குப் படகேறவேண்டும்; கச்சான் காலத்திலே அப்படகு ஓடுவதும் நிச்சயமன்று.