தனியொருவர் ஏடுகள்

இதழியல் வரலாற்றை எழுதப் புகுவோர் விற்பனை எண்ணிக்கையையோ வாழ்நாளையோ அளவுகோலாகக் கொள்வது வழக்கம். இவ்விரண்டு அளவுகோல்களுக்கும் அடங்காத ஒரு துறை தமிழில் உண்டு. தனியொருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு, தம் இலக்கிய விருப்பம் ஒன்றையே துணையாகக் கொண்டு, சில நூறு படிகள் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிவைத்த ஏடுகளே அவை. எட்டு இதழ்களோடு நின்றுபோனவையும் அவற்றுள் உண்டு. நாற்பது ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு. ‘சிறுபத்திரிகை’ என்னும் ஒரே பெயரால் அனைத்தையும் குறிப்பிட்டுவிடுகிறோம். எடுத்துப் புரட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முகச்சாயல் கூட இல்லை. இத்தனை வேறுபட்ட ஏடுகள், கடைகளில் தொங்காத ஏடுகள், தமக்குரிய வாசகரை எவ்வாறு அடைந்தன என்பது ஆராயத்தக்கது.

1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’ ஒரு குழுவின் முயற்சி. அக்குழு கலைந்த பின்னர் அதன் எழுத்தாளர்கள் தனித்தனியே ஏடு நடத்த முற்பட்டனர். க.நா. சுப்ரமண்யம் 1939இல் ‘சூறாவளி’யையும், பின்னர்ச் ‘சந்திரோதய’த்தையும், 1963இல் ‘இலக்கிய வட்ட’த்தையும் நடத்தினார். எதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் ‘தேனீ’யை நடத்திக் கைப்பொருள் இழந்தார். துறையூரிலிருந்து வந்த ‘கிராம ஊழியன்’ கு.ப.ரா. கைக்கு வந்ததும் இலக்கிய ஏடாயிற்று. 1944இல் அவர் மறைந்த பின் வல்லிக்கண்ணன் அதனைத் தொடர்ந்து நடத்தினார். ஓர் ஏட்டின் தன்மை அதனை நடத்துபவரின் தன்மையே என்பது அக்காலத்திலேயே தெளிவாகிவிட்டது.

1959 சனவரியில் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ முதல் ஏட்டை வெளியிட்டார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்னும் வரம்பைத் தொடக்கத்திலேயே அறிவித்துக்கொண்டார். வார இதழ்கள் தம் விற்பனைப் பெருக்கத்தை அட்டையிலேயே பறைசாற்றிய காலம் அது. அந்த வரம்பைத் தொடும் வாய்ப்பு ‘எழுத்து’க்கு ஒருபோதும் வாய்க்கவில்லை என்பது வேறு செய்தி. ஆயினும் அவ்வறிவிப்பு முக்கியமானது. யாருக்காக எழுதுகிறோம் என்பதை எண்ணிக்கையால் முன்கூட்டியே தீர்த்துக்கொண்டவருக்கு, எதை அச்சிடலாம் என்பதில் அச்சம் இல்லாமற் போகிறது.

செல்லப்பாவின் முதல் நோக்கம் கவிதை அன்று, திறனாய்வு. முதல் ஏட்டில் ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதையாகிய ‘பெட்டிக்கடை நாரண’னை அவர் மறுபிரசுரம் செய்ததும், அதனைத் தொடர்ந்து கவிதைகள் அஞ்சலில் வரத்தொடங்கியதும் அவரே எதிர்பாராத விளைவுகள் எனலாம். மூன்றாம் ஏட்டில் நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்னும் புனைபெயரில் ‘உன் கை நகம்’ எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து டி.கே. துரைஸ்வாமி எழுதினார். 1960 சனவரி ஏட்டில், ஈழத்துத் திருக்கோணமலையைச் சேர்ந்த, அப்போது இருபது வயதே நிரம்பிய தருமு சிவராமுவின் கவிதை வெளிவந்தது. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. வடநாட்டில் அரசுப் பணியிலிருந்த வெங்கட் சாமிநாதன் கட்டுரைகள் அனுப்பினார். இவர்கள் அனைவரும் ஓர் ஊரில் கூடியவர் அல்லர். ஒருவரையொருவர் ஏட்டின் பக்கங்களில்தான் முதலில் கண்டுகொண்டனர். 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இடம்பெற்றன. மூன்றே ஆண்டுகளில், பெரும்பாலும் அஞ்சல் வழியாகவே, ஒரு கவிதை மரபு உருவாகியிருந்தது. 1970இல் நின்றபோது ‘எழுத்து’ 119 இதழ்களைக் கண்டிருந்தது. அந்த 119க்குமான விலையைச் செல்லப்பா ஒருவரே கொடுத்தார் என்று சொல்வதும் முழு உண்மையன்று. அவர் மனைவியாரின் நகைகளும் இதழுக்காகக் கைமாறின என்பது பலர் எழுதியுள்ள செய்தி.

‘எழுத்து’வின் நிழலிலிருந்தே ‘நடை’ புறப்பட்டது. சேலத்திலிருந்து 1968 அக்டோபரில் காலாண்டிதழாக வெளிவந்த இவ்வேட்டின் பின்னிருந்தவர் கவிஞர் சி. மணி. மொத்தம் எட்டே இதழ்கள். ஞானக்கூத்தனின் தொடக்கக் கவிதைகளும், ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகமும் இந்த எட்டுக்குள்தான் வந்தன. இவற்றினும் வியப்புக்குரியது, புதுக்கவிதையை முன்னிறுத்திய இவ்வேடு யாப்பிலக்கணத்தை விளக்கும் இணைப்பொன்றையும் வெளியிட்டமை. யாப்பை அறியாமல் அதனை மீறுவதில் பொருளில்லை என்று சி. மணி கருதியிருக்க வேண்டும். மரபுக்கவிஞரும் புதுக்கவிஞரும் இன்றும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் நிலையில், அந்த இணைப்பு மீண்டும் படிக்கப்பெற வேண்டியது. எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் நிறைவேற்றி இத்தகைய முரணைச் செய்திருக்காது. ஒருவரே முடிவெடுக்கும் இடத்தில்தான் இது நடக்கும்.

அதே சேலத்தில் 1972இல் பரந்தாமன் ‘அஃக்’ இதழைத் தொடங்கினார். அங்கே அச்சுக்கலையே ஆசிரியரின் வெளிப்பாடாயிற்று. எழுத்துருவின் அமைப்பு, தாளின் நிறம், வெற்றிடத்தின் அளவு ஆகிய அனைத்திலும் அவர் கை தெரியும். நாகர்கோவிலில் உமாபதி நடத்திய ‘தெறிகள்’ சம்பத்தின் ‘இடைவெளி’ நாவலை முதன்முதலில் வெளியிட்டது. கவிதைக்கென்றே ஆத்மாநாம் 1978இல் ‘ழ’வைத் தொடங்கினார். உதகையில் பிரம்மராஜன் 1983 முதல் நடத்திய ‘மீட்சி’ அயல்நாட்டுக் கவிதைகளின் மொழிபெயர்ப்புக்கு வாயிலாக அமைந்தது. ஆத்மாநாம் 1984இல் மறைந்த பின் அவர் கவிதைகளைத் தொகுத்து 1989இல் நூலாக்கியவரும் பிரம்மராஜனே. கோவில்பட்டியிலிருந்து கோணங்கியின் ‘கல்குதிரை’ தாஸ்தாயெவ்ஸ்கிக்கும் மார்க்வெசுக்கும் தனிச்சிறப்பிதழ்கள் கொண்டுவந்தது. கரிசல் காட்டிலிருந்து இருஷ்யாவுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் வழி போட்டவர் ஒரு தனிமனிதர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். ஆனால் அங்கே பணயம் இன்னும் பெரிது. தமிழகத்தில் வ. விஜயபாஸ்கரன் 1955 முதல் 1962 வரை நடத்திய ‘சரஸ்வதி’யில் ஈழத்து எழுத்தாளர் பலர் எழுதினர். அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் நிலையம் நடத்திய குடும்பத்தில் பிறந்து, சாதியத்தின் கொடுமையை நேரில் அனுபவித்து, முறையான கல்வியை இடையில் விட்டவர். அவர் 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடிதிருத்தும் நிலையத்தின் ஒரு பகுதியே முதலில் இதழின் அலுவலகம். அச்சுக்கோத்தவரைத் தவிர மற்றெல்லாப் பணிகளுக்கும் அவரே ஆள்; இதழைக் கையிலேந்தித் தெருத்தெருவாகச் சென்று விற்றவரும் அவரே. எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் உருவங்களை அட்டையில் வெளியிடுவதை வழக்கமாக்கினார். சாதியால் விலக்கப்பட்ட ஒருவர், யாரை அட்டையில் வைப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அமர்ந்தது ஈழத்து இலக்கிய வரலாற்றில் சிறிய மாற்றமன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அச்சுத்தாள் கிடைக்காமல் பள்ளிக் கொப்பித் தாள்களில் இதழை அச்சிட்டார். பின்னர்க் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும் நிறுத்தவில்லை. 2021 சனவரியில் அவர் மறைந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மனிதரின் கையால் வெளிவந்த ஏடு என்னும் பெருமை ‘மல்லிகை’க்கு நிலைத்திருந்தது.

இந்தச் ‘சரஸ்வதி’யில்தான் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959இல் தொடராகத் தொடங்கியது. இதழின் இடர்ப்பாட்டால் தொடர் பாதியில் நின்றது. நாவல் நிறைவுபெற்று நூலாக வர 1966 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருவர் தோளில் நிற்கும் ஏடு சாய்ந்தால் அதன்மேல் படர்ந்தவையும் சாயும். இக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆசிரியரின் சொந்தப் பகைகளும் பல ஏடுகளில் பக்கம் பக்கமாக இடம்பிடித்தன. இன்று அவற்றைப் படிப்பவர்க்குச் சலிப்பே எஞ்சும். இன்னொன்றும் உண்டு. மேலே குறித்த ஆசிரியர் பெயர்களுள் ஒரு பெண்பெயரும் இல்லை. உறைகளை மடித்து, பசை தடவி, முகவரி எழுதித் தந்த வீட்டுப் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் எங்கும் பதிவு பெறவில்லை.

இனி, வாசகர் இவற்றைக் கண்டடைந்த வழி. முறைப்படி பதிவுபெற்ற இதழ்களுக்கே அஞ்சல் கட்டணச் சலுகை உண்டு. பதிவு செய்துகொள்ள வசதியோ பொறுமையோ இல்லாதவர்கள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிட்டு, கூடுதல் தபால்தலை ஒட்டி அனுப்பினர். விளம்பரம் செய்யப் பணமில்லை. எனவே ஓர் ஏட்டைப் பற்றி மற்றோர் ஏடுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் தம் இதழ்களை ஒருவருக்கொருவர் மாற்றுப்படியாக அனுப்பிக்கொண்டனர். பின்னட்டையின் உட்புறத்தில் ‘வரப்பெற்றோம்’ என்னும் தலைப்பில் இதழின் பெயர், ஆண்டுச்சந்தா, முகவரி ஆகியவை சிறிய எழுத்தில் இடம்பெறும். சிற்றூர் ஆசிரியர் ஒருவருக்கோ வங்கி எழுத்தர் ஒருவருக்கோ கையில் ஒரே ஓர் ஏடு கிடைத்தால் போதும். அந்தப் பட்டியலைப் பார்த்து நான்கு அஞ்சலட்டை எழுதுவார். மாதிரிப்படிகள் வரும். அவற்றின் பின்னட்டைகளில் வேறு பெயர்கள் இருக்கும். கருத்தளவில் கடுமையாக மோதிக்கொண்ட ஏடுகள்கூட இப்பட்டியலில் எதிரியின் முகவரியை அச்சிடத் தவறவில்லை. ‘விலையிலாக் கவிமடல்’ என்று அறிவித்துக்கொண்டு 1971இல் கோவையிலிருந்து புறப்பட்ட ‘வானம்பாடி’யும், அதன் அழகியலை ஏற்காத ஏடுகளும் ஒரே வாசகர் வீட்டு அலமாரியில் அடுத்தடுத்து இருந்தமைக்குக் காரணம் இதுவே.

வல்லிக்கண்ணன் ‘தமிழில் சிறு பத்திரிகைகள்’ நூலை எழுதியபோது, கல்விக்கூடங்கள் பொருட்படுத்தாத பல பெயர்களை அதில் இடம்பெறச் செய்தார். 1991இல் வெளிவந்த அந்நூல் இல்லையேல் அவற்றுட் பல இன்று பெயரளவிலும் தெரியவந்திரா. ஆனால் நூலகங்களில் நடந்தது வேறு. ஆண்டுத் தொகுதியாகக் கட்டடம் செய்யும்போது அட்டைகளைக் கிழித்தெடுத்துவிட்டு உட்பக்கங்களை மட்டும் தைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. கவிதை மிஞ்சியது; அக்கவிதைக்கு வாசகரைக் கொண்டுவந்த வழிப்பட்டியல் போயிற்று. ஆய்வாளர் இன்று ‘எழுத்து’வின் கவிதைகளை எளிதில் பெறலாம், எந்த ஏடு எந்த ஏட்டோடு தொடர்பு கொண்டிருந்தது என்று வரைந்துகாட்ட முற்பட்டால் பின்னட்டை வேண்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தொழிலால் ஓவியர்; விளம்பரப் பலகை எழுதியவர். பழைய புத்தக வணிகரிடமும் தாள் வணிகரிடமும் தேடித் தேடி வாங்கியவர், நூல்களோடு நாடகத் துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றையும் ஒதுக்காமல் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஈழத்து இதழ்கள் பலவற்றை, ‘மல்லிகை’ உட்பட, ‘நூலகம்’ என்னும் எண்ணிம ஆவணகம் 2005 முதல் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வருகிறது. அதில் ஓர் இதழைத் திறந்தால் முன்னட்டையும் வரும், பின்னட்டையும் வரும்.