பவித்ருக்காக யார் சாகணும்?

1972-ல சிவகாசி முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் தெரியிற ஹீரோ. நல்லாத் தமிழ் பேசினார். ஆனா ஆளு பிரிட்டிஷ்காரர். மாறினது மொழி மட்டும்தான்.

2004-ல ஆளும் ஊரும் மாறுச்சு. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் மூணு பேரும் சேர்ந்து ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’வை உருவாக்கினாங்க. மொத்தம் 4 இதழ். பீட்டர் பார்க்கர் இங்கே பவித்ர் பிரபாகர். கிராமத்துல இருந்து மும்பைக்குப் படிக்க வந்த பையன்; வேட்டி கட்டினதுக்குக் கேலி பண்றாங்க. சிலந்தி கடிக்கல, ஒரு யோகி சக்தி தர்றார். ஆனா அங்கிள் பென் செத்த மாதிரியே இங்கே அங்கிள் பீம் சாகிறார். உடை நம்மளது, சோகம் நியூயார்க்ல இருந்து வந்த நகல்.

2023-ல ‘அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படம் இந்தப் பவித்ரை எடுத்துக்கிச்சு. மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து ‘மும்பாட்டன்’னு ஒரு நகரம். கூச்சப்பட்ட பையன் இப்போ சிரிச்சுக்கிட்டே பறக்கிறான். முக்கியமான மாற்றம் இன்னொண்ணு. நெருக்கமான போலீஸ் அதிகாரி ஒருத்தர் சாகிறது ஸ்பைடர்மேன்களுக்கு எழுதப்பட்ட விதின்னு மிகேல் சொல்றான். பவித்ர் கதையில அது அவன் காதலி காயத்ரியோட அப்பா, இன்ஸ்பெக்டர் சிங். அவரை மைல்ஸ் காப்பாத்திடறான். உடனே அந்த உலகமே பிளக்க ஆரம்பிக்குது.

காமிக்ஸ் கேள்வி கேட்காம நகலெடுத்த சோகத்தை, படம் கேள்வியாக்குது: ஒரு ஹீரோ இழந்ததையே எல்லா ஹீரோவும் இழக்கணுமா? தழுவல்னா இதுதான்னு நான் நினைக்கிறேன்.

மரக்காணம் உப்பளக் கரைப் பக்கம், பிரம்மதேசத்துல இருந்து பேசுறதால எனக்கு இது வெறும் சினிமா விஷயம் இல்ல. நாளைக்கு யாராவது இந்தக் கரைக்கு ஒரு சூப்பர் ஹீரோவை வரையலாம். தலைப்பாகை கட்டி, உப்பு வாருற பலகையைக் கையில குடுத்துட்டா அது வேஷம்தான். இங்கே ஒரு மழை, பாத்தியில விளைஞ்ச உப்பைக் கரைச்சிடும். மழைக்காலம் முழுக்க உப்பளத்துல வேலை இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளை எதை இழப்பான், யாரைக் காப்பாத்த ஓடுவான்? முகமூடியை அப்புறம் வரையலாம். முதல்ல இதைக் கேளுங்க.