வாத்தியாருக்குப் பின் யார்? வடதமிழகக் கலை மையங்கள் குறித்து

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், தேவார மூவரும் பாடிய தலம். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) இங்கே மடம் அமைத்துத் தங்கி, இங்கேயே மறைந்தார். வண்ணம் எனப்படும் சந்தப் பாடல்களை ஏராளமாகப் பாடியதோடு அவர் நிற்கவில்லை. வண்ணத்தின் விதிகளைத் தொகுத்து ‘வண்ணத்தியல்பு’ என்ற இலக்கணமும் செய்தார். அவரைக் கண்டிராதவரும் அந்நூலைக் கொண்டு வண்ணம் பயிலலாம். ஆசானுக்குப் பின் யார், எதைக் கொண்டு கற்பிப்பார் என்று கேட்காத கலை மையத்துக்கு எதிர்காலத் திட்டம் என ஒன்று இருக்க முடியாது.

தெருக்கூத்தில் இக்கேள்வி இன்னும் கடினமானது. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்துகொண்டு கிறுகி என்னும் சுழலாட்டம் போட வேண்டும். சுழன்று நின்ற மறுகணமே, மூச்சு இரைக்காமல், உச்சக் குரலில் பாட்டெடுக்க வேண்டும். முகவீணை என்னும் ஊதுகருவி அந்தச் சுருதியை விடாமல் பின்தொடரும். இதை எந்த நூலும் கற்றுத் தராது. ஜமா எனும் கூத்துக் குழுவில் வாத்தியாரோடு பல ஆண்டுகள் ஆடித்தான் கற்க முடியும்.

அந்தக் கல்வி ஊர் எல்லையைத் தாண்டியதும் உண்டு. 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு, செய்யாறு அருகிலுள்ள புரிசையின் கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரானிடம் கற்றது. புரிசைக் குழுவும் சும்மா இருக்கவில்லை. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் சிறுகதையைக் கூத்தாக்கி ஆடியது. பின்னர் அக்குழுவின் கண்ணப்ப சம்பந்தன், பாரீஸின் தியேத்ர் து சொலேய் நாடகக் குழுவின் நடிகர்களைப் பயிற்றுவித்தார். 2016இல் அந்தப் பாரீஸ் குழு அரங்கேற்றிய இந்தியா பற்றிய நாடகத்தில் தெருக்கூத்துக் காட்சிகள் இடம்பெற்றன. இரு தரப்பும் கற்ற கூட்டுறவு இது. கூத்துக் கலைஞரை ஒருநாள் காட்சிப்பொருளாக மேடையேற்றும் விழாக்களை இதே பெயரால் அழைப்பது தகாது.

காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 1990இல், தெருக்கூத்தின் மறுபெயரைத் தாங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கினர். 2002இல் அவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒருசேரப் படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் வேடம் கட்டினார்கள். அண்மைக் காலத்தில் கூத்துக்கு நேர்ந்த ஆகப்பெரிய மாற்றம் இதுதான். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்கே உருவான கற்பிக்கும் முறையை வேறு எந்த மையம் தொடரப்போகிறது?

விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தில், ஆதிசக்தி நாடகக் குழு இயங்குகிறது. அதை நிறுவிய வீணாபாணி சாவ்லா 2014இல் காலமானார்; ஆனாலும் மையம் நின்றுவிடவில்லை. கூடியாட்டத் தாளம், களரிப்பயிற்று முதலியவற்றிலிருந்து அவர் வடித்தெடுத்த மூச்சு, உடல் பயிற்சியைச் சக நடிகர்கள் நாள்தோறும் செய்து தமதாக்கியிருந்தனர். இன்று அவர்களே பயிலரங்குகளில் அதைக் கற்பிக்கிறார்கள். வண்ணத்துக்கு இலக்கண நூல் செய்த வேலையை இங்கே அன்றாடப் பயிற்சி செய்திருக்கிறது.

திருவிழாக் காலம் முடிந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்போர் குறையும் மழை மாதங்களில் ஜமாக்களுக்கு ஆட்டம் குறைவு. அந்த மாதங்களில் மூத்த வாத்தியார்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில் கூத்து வகுப்பு நடத்தலாம். ஆதிசக்தி உடற்பயிற்சியைத் தரட்டும். குருகுலத்தில் படித்த பெண்கள் கற்பிக்க வரட்டும். கலை பண்பாட்டுத் துறை இதற்கான முதல் கூட்டத்தை விழுப்புரத்திலேயே கூட்ட வேண்டும். அதில் வாத்தியார்களை முதலில் பேசவிட வேண்டும்.