ஒட்டுப் போட்டு ஓடிய போட்: காரைநகரில இருந்து காசல்ரீ வரை

"நோர்வூட்ல கடலா இருக்கு, போட்டைப் பத்தி எழுத?" இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொன்னதும் கூடப் படிக்கிற நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். கடல் இல்லைதான். ஆனால் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெசல்கமு ஓயா எங்க ஊரைக் கடந்து போய் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் விழுகிறது. 1965இல் மின்சாரத்துக்காக அந்த ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணி தேங்கினது. மீன் வந்தது. மீனோடு பைபர் தோணியும் வந்தது.

அந்தத் தோணி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்தான் இலங்கையில் பைபர் போட்டின் கதையை வாசிக்க ஆரம்பித்தோம். வாசித்ததில் ஒரு விஷயம் உறுத்தியது. எந்தத் திட்டத்தில் எத்தனை போட் கொடுத்தார்கள், யார் நிதி கொடுத்தார்கள், எந்த அமைச்சர் கையளித்தார் என்பதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. கொடுத்த போட் உடைந்த பிறகு அதை வீட்டு முற்றத்தில் போட்டு, அறுத்து, ஒட்டி, இன்னும் பத்து வருசம் ஓட வைத்தவர்களைப் பற்றி அநேகமாக ஒரு வரியும் இல்லை. ஒரு பைபர் போட்டின் ஆயுளில் பெரும்பகுதி இந்த ஒட்டு வேலையால் கிடைப்பது. அதை விட்டுவிட்டு எழுதுற வரலாறு அரைவாசி வரலாறுதான்.

மரத்தில் இருந்து பைபருக்கு

பைபர் வரும் முன்னால் எங்கள் கடல்களில் ஓடியவை கட்டுமரம், தெப்பம், வள்ளம், தெற்கே ஓரு. மரக்கலம் கட்டுவதில் வடக்குக்குப் பெரிய பெயர் இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. அந்தக் கலையைக் கையில் வைத்திருந்தவர்கள் ஓடாவிமார். ஒரு வள்ளத்தில் பலகை பழுதானால் அவர்கள்தான் வர வேண்டும். நல்ல மரமும் வேண்டும். இரண்டுமே வருசத்துக்கு வருசம் விலை ஏறின.

பைபர் என்பது வேறு உலகத்துப் பொருள். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, அந்த நூலை விரிப்பாக்கி, பொலியெஸ்டர் ரெசினில் நனைத்துக் காய வைப்பது. அமெரிக்காவின் ஒஹாயோவில் ரே கிரீன் என்பவர் 1942இல் இந்த முறையில் ஒரு சிறு படகு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது உலகம் முழுவதும் பரவியது.

இலங்கையில் 1958இல் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டம் தொடங்கியபோது முதலில் வந்தவை 28 அடி நீளமான, உள்ளே எஞ்சின் பூட்டிய மூன்றரைத் தொன் போட்டுகள். அவை பெரியவை. கட்டுவதற்கு ஆழமான துறை வேண்டும். மணல் கரையில் இழுத்து ஏற்றி இறக்குகிற சாதாரண மீனவருக்குப் பொருந்தியது, பிறகு வந்த, சுமார் 18 அடி நீளமான, வெளியே எஞ்சின் தொங்குகிற சின்ன பைபர் போட். இன்றைக்கும் கடற்றொழில் திணைக்களக் கணக்குகளில் அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது.

சீநோர்

வடக்கில் இந்தக் கதையின் மையம் காரைநகர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். அங்கே குடியேறிய முதல் ஈழத் தமிழர் என்று அறியப்படுபவர் அவர். மீன்பிடித் தொழில்நுட்பத்தை ஊருக்குக் கொண்டு வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நோர்வே நண்பர்களோடு சேர்ந்து, அங்கே திரட்டிய நிதியுடன் 1960களின் பிற்பகுதியில் 'சீநோர்' திட்டத்தைத் தொடங்கினார். சிலோனில் பாதி, நோர்வேயில் பாதி, பெயரே அப்படித்தான். காரைநகரில் படகுத் தொழிற்சாலை, குருநகரில் வலைத் தொழிற்சாலை.

வெளிநாட்டு உதவி என்றாலே மேலிருந்து இறங்கி வருவது என்றுதான் நாங்க நினைக்கிறோம். இங்கே தொடக்கம் ஒரு தமிழ் இளைஞனிடம் இருந்தது. 1970களில் படிப்புக்கென்று நோர்வே போன தமிழ் இளைஞர்கள் பலருக்கும் அவரே பாலமாக இருந்தார். இன்றைய நோர்வேத் தமிழ்ச் சமூகத்தின் வேரைத் தேடினால் அது ஒரு படகுத் தொழிற்சாலைக் கதையில் போய் முட்டும்.

தொழிற்சாலையில் வேலை இப்படி நடக்கும். முதலில் அச்சு. அதன் உள்பக்கம் மெழுகு பூசி, அதன் மேல் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சு. அது பதமானதும் பைபர் மேட் ஒன்று, ரெசின் ஒரு தடவை, காற்றுக் குமிழி போக உருளையால் ஒரு உருட்டு; திரும்ப மேட், திரும்ப ரெசின். காய்ந்த பிறகு அச்சிலிருந்து கழற்றினால் போட். ஒரே அச்சில் எத்தனையோ போட் எடுக்கலாம்.

இதில் இரண்டு விஷயம் நடந்தது. ஓடாவியின் கண்ணளவும் கையளவும் அச்சுக்குள் போய்விட்டன. அது ஒரு இழப்பு. அதே நேரம், பழுது பார்க்கும் வேலை ஓடாவியிடமிருந்து போட்காரன் வீட்டு முற்றத்துக்கு வந்தது. கிரைண்டர், பிரஷ், ரெசின், மேட் இருந்தால் போதும்.

முற்றத்தில் நடக்கிற வேலை

போதும் என்றாலும் லேசான வேலை இல்லை. வெடிப்புக்கு மேலே ஒரு துண்டு மேட்டை ஒட்டிவிட்டால் ஒரு சீசனில் பிரிந்து வரும். உடைந்த இடத்தைச் சுற்றி நல்ல பகுதி வரை சரிவாகத் தேய்க்க வேண்டும். பைபர் 5 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சரிவு சுமார் 60 மில்லிமீட்டர், அதாவது 12 மடங்கு. பழைய பைபரில் புது ரெசின் இரசாயன முறையில் சேராது. அது ஒட்டிப் பிடிப்பது மட்டுமே. அந்தப் பிடிக்கு அகலமான, சொரசொரப்பான, எண்ணெயும் ஈரமும் இல்லாத இடம் வேண்டும். அசிட்டோனால் துடைப்பது அதற்குத்தான்.

பழைய போட்டில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் மாட்டுகிற பின்பலகை. வெளியே பைபர் பளபள என்று இருக்கும். உள்ளே இருக்கும் பிளைவுட், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணி குடித்து உக்கிப் போயிருக்கும். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'டொப்' என்று கேட்டால் உள்பக்கத் தோலை அறுத்து, உக்கலைச் சுரண்டி எடுத்து, புதுப் பலகை வைத்து மூட வேண்டும்.

ரெசின் இறுகுவதற்கு கெட்டலிஸ்ட் கலக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு வீதம்தான். இங்கேதான் கரைக்கும் மலைக்கும் வித்தியாசம் வருகிறது. 15 பாகைக்குக் கீழே பொலியெஸ்டர் ரெசின் சரியாக இறுகாது. மேட்டில் ஈரம் ஏறினால் ரெசின் உள்ளே போகாமல் வெள்ளையாக நிற்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே, மே மாதம் தொடங்கினால் விடாமல் பெய்கிற ஊரில் இரண்டுமே பிரச்சினை. குளிருக்கென்று கெட்டலிஸ்டைக் கூட ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். அதனால் மழை விட்ட மாதம் பார்த்து, மூடின கொட்டகையில், நடுப்பகலில் செய்கிற வேலை இது. காரைநகர் வெயிலில் கற்ற பாடத்தை இங்கே அப்படியே எடுக்க முடியாது.

இன்னொன்று உடம்பு. தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூசி தோலில் அரிக்கும், நெஞ்சுக்குள் போகும். ரெசின் வாடையில் ஸ்டைரீன் இருக்கிறது. கெட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். முற்றத்தில் செய்கிற வேலைக்கு யாரும் மாஸ்க்கும் கண்ணாடியும் கையுறையும் கொடுப்பதில்லை. தோட்டத்தில் கையுறை இல்லாமல் மருந்தடித்த தலைமுறையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதுக் கதை இல்லை.

மூன்று முறை தப்பிய போட்

யுத்த காலத்தில் வடக்குக் கடலில் பாஸ், எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு, எரிபொருளுக்குத் தடை. புதுப் போட் வாங்குவது பலருக்கு நினைக்கவே முடியாத காரியம். இருந்த போட்டையே திரும்பத் திரும்ப ஒட்டி ஓட்டினார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டின் மீன்பிடிப் படகுகளில் பாதிக்கு மேல் அழிந்தன அல்லது சேதமாகின. உலகமெல்லாம் இருந்து பணம் வந்தது. புதுசு புதுசாகப் படகு செய்கிற இடங்கள் முளைத்தன. அவற்றில் பல போட்டுகள் தரமில்லாதவை என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பே பிறகு சொன்னது. அதே நேரம் ஆயிரக்கணக்கான பழைய படகுகள் பழுது பார்க்கப்பட்டுக் கடலுக்குத் திரும்பின. ஒரு புதுப் போட்டைக் கையளிக்கும்போது பெயர்ப்பலகையும் படமும் இருக்கும். பழசை ஒட்டிக் கொடுத்ததற்கு ரிப்பன் வெட்டியதாக நாங்கள் எங்கேயும் காணவில்லை.

நீர்த்தேக்கங்களுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1990இல் பிரேமதாச அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை மத காரணம் காட்டி நிறுத்தியது. தோணிக்கும் வலைக்கும் கிடைத்த மானியம் நின்றது. 1994க்குப் பிறகுதான் நிலைமை மாறியது. 1999இல் நெக்டா வந்தது. நடுவில் இருந்த வருசங்களில் இருந்த தோணியை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக 2022. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. கரையில் அது போட் எஞ்சினுக்கு ஊற்றுவது. லயத்தில் அது குக்கருக்கும் விளக்குக்கும் ஊற்றுவது. ரூபாய் விழுந்ததால் இறக்குமதியாகிற ரெசினும் மேட்டும் விலை ஏறின. புதுசு வாங்க முடியாத நேரத்தில் பழசை ஒட்டுவதும் கஷ்டமானது.

இதை ஏன் எழுதுகிறோம்

பைபர் உக்காது, உருக்கவும் முடியாது. கைவிட்ட போட் கரையில் குப்பையாகக் கிடக்கும், இல்லாவிட்டால் எரித்துப் புகையாக்குவார்கள். ஆகவே ஒட்டத் தெரிந்த கை குறையக் குறைய குப்பை கூடும், கடனும் கூடும். ஆனால் அந்தக் கையில் இருக்கும் அறிவு எங்கேயும் எழுதப்படவில்லை. எங்கள் தோட்டங்களின் கதையும் அப்படித்தான்: துரைமார் எழுதிய புத்தகம் அலுமாரி நிறைய இருக்கிறது. கவ்வாத்து வெட்டியவர் எந்த மாதம், எந்தச் சரிவில், கத்தியை எப்படிப் பிடித்தார் என்று கேட்டு எழுதியது மிகக் குறைவு.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சீநோரில் வேலை செய்த தாத்தா, முற்றத்தில் போட் ஒட்டுகிற மாமா, நீர்த்தேக்கத்தில் தோணி விடுகிற அண்ணன் யாராவது இருந்தால் போய்க் கேளுங்க. எந்த வருசம் பழகினாங்க, யார் காட்டிக் கொடுத்தது, எத்தனை மேட் போடுவாங்க, மழைக்கு என்ன செய்வாங்க, நெஞ்சு எப்படி இருக்கு? ஃபோனில் பதிவு பண்ணி, தேதியும் ஊரும் போட்டு எழுதி வையுங்க. அவர்கள் சம்மதித்தால் எங்களுக்கும் அனுப்புங்க. மலையோ கரையோ, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடுவோம்.