தரங்கம்பாடியில் கிளம்பிய வண்டி

அரக்கோணம் ஜங்ஷனிலிருந்து நான்கு பக்கம் தண்டவாளம் பிரிகிறது. கிழக்கே திருவள்ளூர், மேற்கே காட்பாடி, தெற்கே காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு, வடக்கே திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா.

நூறு வருடங்களுக்கு முன் இந்த நான்கு தடங்களிலும் நான்கு விதமான கிறிஸ்தவம் இருந்தது. திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் மெதடிஸ்டுகள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் 1853 முதல் அமெரிக்கன் ஆற்காடு மிஷன். திருப்பதிப் பக்கம் ஜெர்மானியர் தொடங்கிய லுத்தரன் மிஷன். மிஷன்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டதால், எந்த மிஷன் வந்ததோ அதுவே ஊரின் சபை ஆனது. சென்னையிலோ ஆங்கிலிக்கன் கோயில்கள். மற்ற சபையாருக்கு அங்கே நற்கருணைப் பந்தியில் பொதுவாக இடம் கிடையாது.

இந்த வேலியை எப்போது பிடுங்குவது?

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். மேற்கத்தியர் ஊரில் மூண்ட சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது கூடியவர்களின் வாதம். இப்போதே இணைய வேண்டும் என்றார்கள்.

அந்த ‘இப்போதே’ கைகூட 28 வருடங்கள் பிடித்தன.

சிக்கல் ஒரே இடத்தில்தான். போதகரின் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்வது யார்? பேராயர் கை வைக்காத போதகரை ஆங்கிலிக்கன்கள் ஏற்கத் தயங்கினார்கள். மறுபடி அபிஷேகம் என்றால் மற்றவர்களுக்கு அவமானம். லண்டனில் கவிஞர் டி.எஸ். எலியட்கூட 1943-ல் இந்தத் திட்டத்தை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதினார்.

கடைசியில் வழி விட்டது காலக்கணக்கு. ஏற்கெனவே போதகராக இருப்பவர் அப்படியே தொடரலாம். மறு அபிஷேகம் வேண்டாம். இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார். வெளிநாட்டிலிருந்து வரும் போதகர்கள் விஷயத்தை 30 வருடம் கழித்துச் சபையே முடிவு செய்துகொள்ளட்டும். மனம் ஒப்பாத போதகரை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை. எல்லாச் சந்தேகமும் தீரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வண்டி கிளம்பியிருக்காது.

1945 ஜனவரி 1-ந் தேதி அசரியா இறந்தார். அதே மாதம் ஆங்கிலிக்கன் பொதுப் பேரவை திட்டத்துக்குச் சம்மதம் தந்தது.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாடு விடுதலையாகி 43-வது நாள். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் திருவிதாங்கூர் பேராயர் சி.கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்றே புதிதாக ஒன்பது பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். மதுரைக்கு வாய்த்தவர் லெஸ்லி நியூபிகின், வயது 37.

எல்லோரும் ஏறிவிடவில்லை. அசரியாவின் டோர்னக்கல் பேராயத்துக்குள்ளேயே நந்தியால் ஆங்கிலிக்கன்கள் ஒதுங்கி நின்றார்கள். அரக்கோணத்திலிருந்து பிரியும் தடங்களில் ஈக்காடும் செங்கல்பட்டும் வேலூரும் ஒரே சபைக்குள் வந்தன. திருத்தணி தாண்டிப் போகும் தடத்தின் லுத்தரன்கள் வரவில்லை. அவர்கள் கணக்கு என்ன? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)