தனி நூலகம் என்னும் தனிக் கிணறு

அலெக்ஸாண்ட்ரியா நூலகம் என்றதும் நமக்கு எகிப்துதான் நினைவுக்கு வரும். நெருப்பு, சாம்பல், அழிந்துபோன அறிவு என்று பள்ளிக்கூடத்திலேயே அந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். நாம் பேசப்போவது இன்னொரு அலெக்ஸாண்ட்ரியா. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஊர். அங்கே குயீன் தெருவில் 1937இல் பொது நூலகம் திறந்தார்கள். அதை யாரும் கொளுத்தவில்லை. கறுப்பர்களும் சேர்ந்து கட்டிய வரிப்பணத்தில் நடத்திக்கொண்டு, கறுப்பர்களுக்கு மட்டும் கதவைச் சாத்தினார்கள்.

அந்த நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர் சாமுவேல் வில்பர்ட் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர். 1939 மார்ச்சில் ஜார்ஜ் வில்சன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜென்ட்டோடு போய் உறுப்பினர் அட்டை கேட்டார். மறுத்தார்கள். வழக்குப் போட்டார். வழக்கு நகரும் வேகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றையும் தயார் செய்தார்.

1939 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. வில்லியம் எவன்ஸ், எட்வர்ட் கேடிஸ், மோரிஸ் முர்ரே, கிளாரன்ஸ் ஸ்ட்ரேஞ்ச், டக்கரின் தம்பி ஓட்டோ டக்கர் ஆகிய ஐந்து பேர், எல்லோரும் 18 முதல் 22 வயதுக்குள், ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தனித்தனி மேசையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். தனித்தனி மேசை என்பது டக்கரின் கணக்கு. சேர்ந்து உட்கார்ந்தால் பேசினார்கள், கலாட்டா செய்தார்கள் என்று வழக்கை ஜோடித்துவிடலாம். உள்ளே நடப்பதை டக்கரிடம் ஓடிப்போய்ச் சொல்ல 14 வயதுப் பையன் ஒருவனை நிறுத்தியிருந்தார். பத்திரிகைப் புகைப்படக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. போலீஸ் வந்து ஐவரையும் வெளியே கொண்டுவந்தபோது தெருவில் சுமார் 300 பேர் கூடியிருந்தார்கள்.

ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் சத்தமே போடவில்லை, ஒழுங்காக உடுத்தியிருந்தார்கள் என்பதை விசாரணையில் போலீசே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உலகமே அறிந்த கிரீன்ஸ்பரோ உணவக உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது 1960இல். அதற்கு 20 வருடம் முன்பே நடந்த இதை நம் போராட்ட வகுப்புகளில் அதிகம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். எவ்வளவு கச்சிதமான திட்டம்!

இன்னொரு தற்செயலையும் கவனியுங்கள். அதே ஆகஸ்ட் 21 அன்று, நாட்டின் மறு கோடியில், கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நிர்வாகக் குழு ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை மாவட்ட நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் தடை செய்தது. புலம்பெயர்ந்த விவசாயக் கூலிகளின் நிலையைச் சொன்ன நாவல் அது. பண்ணை முதலாளிகளுக்குக் கோபம். மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் தடையை எதிர்த்துக் கடிதம் எழுதினார். மேலதிகாரிகளை எதிர்த்து அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும், அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நூலகங்களின் அறிவுச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் கெர்ன் மாவட்டத்தைத் தவறாமல் சொல்வார்கள். அலெக்ஸாண்ட்ரியாவின் ஐவர் வெகுகாலம் அந்தப் பேச்சில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் நூலக உரிமைச் சாசனத்தை ஏற்றது அப்போதுதான். புத்தகம் வாங்கும்போது எழுதியவரின் இனத்தையோ நாட்டையோ மதத்தையோ அரசியலையோ பார்க்கக் கூடாது என்றது சாசனம். நல்ல விஷயம். படிக்க வருகிறவரின் இனம்? அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கறுப்பர் எழுதிய புத்தகம் அலமாரியில் இருக்கலாம், கறுப்பர் அதன் எதிரே உட்காரக் கூடாது. இனம், மதம் காரணமாக நூலகத்தைப் பயன்படுத்தும் உரிமையை மறுக்கக் கூடாது என்ற வரி சாசனத்தில் ஏற 1961 ஆனது. சமூகவியல் படிக்கும் தோழர்கள் இந்த 22 வருட இடைவெளியைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம். சுதந்திரம் என்ற பேச்சைத் தொடங்கியவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள். கதவு அவர்கள் கண்ணில் படவே இல்லை.

வழக்கு என்ன ஆனது? வில்சனின் மனு 1940 ஜனவரியில் விண்ணப்ப முறையில் குறை என்று தள்ளுபடியானது. ஆனாலும் நகரவாசிகளுக்கு அட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். நகராட்சி பதறியது. அவசர அவசரமாகக் கறுப்பர்களுக்கென்று ராபர்ட் ராபின்சன் நூலகத்தைக் கட்டி அந்த ஆண்டே திறந்தது. சின்னக் கட்டடம், பழைய மேசை நாற்காலி, கழித்துக்கட்டிய புத்தகங்கள். அங்கே உறுப்பினராகுங்கள் என்றார்கள். குயீன் தெரு அட்டைக்குப் பதிலாக இந்த அட்டையை எப்போதும் வாங்கமாட்டேன் என்று டக்கர் எழுதிக் கொடுத்தார். ஐவர் மீதான வழக்கில் தீர்ப்பே வரவில்லை. 2019 அக்டோபரில்தான் நீதிமன்றம் அதை முறைப்படி தள்ளுபடி செய்தது.

தனி நூலகம் நமக்குப் புதிதா என்ன? சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டு "தண்ணீர் கிடைக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்கும் அதே நியாயம்தான். பொதுப்பணத்தில் கட்டிய, பராமரிக்கும் இடங்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மகாட் நகராட்சி சவுதார் குளத்தைக் காகிதத்தில் திறந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இந்தக் குளத்துத் தண்ணீர் இல்லாமல் நாம் செத்துப்போய்விடவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிறுவவே போகிறோம் என்பது அந்த ஆண்டு டிசம்பரில் அவர் அங்கே விளக்கிய பொருள். டக்கர் தனி அட்டையை மறுத்தது ஏன் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கதவும் புத்தகமும் ஒன்றாக மறுக்கப்பட்ட இடமும் உண்டு. லூசியானாவின் கிளிண்டன் என்ற சிற்றூர், 1964 மார்ச். அங்கே வெள்ளையருக்குச் சிவப்பு நடமாடும் நூலக வண்டி, கறுப்பருக்கு நீல வண்டி. ஹென்றி பிரவுன் நான்கு தோழர்களோடு வெள்ளையர் கிளைக்குள் நுழைந்து, கறுப்பின எழுத்தாளர் ஆர்னா பாண்டெம்ப்ஸ் கறுப்பர் வரலாற்றை எழுதிய புத்தகத்தைக் கேட்டார். அந்தப் புத்தகமே அங்கே இல்லை. வரவழைத்துத் தபாலில் அனுப்புகிறோம், திருப்பித் தரும்போது தபாலிலோ நீல வண்டியிலோ கொடுங்கள் என்றார்கள். ஐவரும் வெளியேறாமல் அமைதியாக நின்றார்கள், கைதானார்கள். 1966இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களை விடுவித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் அதுவும் இல்லை.

நம் மாநிலத்தில் நீல வண்டி ஓடியதில்லை. 1948இல் இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் என்று பெருமையோடு சொல்கிறோம். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. அதைச் சேரியும் கட்டுகிறது, ஊரும் கட்டுகிறது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் வந்தது. நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருப்பவையும் ஊர்ப்பக்கம்தான். நம் பிள்ளைகள் எந்தத் தெரு வழியாக அங்கே போய்வர வேண்டும் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

இந்த விடுமுறையில் மாணவத் தோழர்கள் தங்கள் ஊராட்சியில் அதைச் செய்யலாம். நூலகம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், உறுப்பினர் பதிவேட்டில் சேரியிலிருந்து எத்தனை பேர், அயோத்திதாசர் நூல் ஒன்றாவது அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.