முத்திரையிட்ட தட்டு

விருந்து முறைமை பெரும்பாலும் நயத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’யில் அரண்மனைச் சமையற்கூடம் பற்றிய பகுதியை வாசிப்போருக்கு அது அச்சத்தின் வரலாறாகவும் தெரியவரும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட நூல் அது.

அக்பர் நாளொன்றுக்கு ஒரு வேளையே உண்டார். அதற்குக் குறித்த நேரமும் இல்லை. ஆணை வந்த ஒரு மணி நேரத்திற்குள் நூறு வகை உணவுகளைப் பணியாளர் படைத்தாக வேண்டும். ஆயினும் எந்தத் தட்டும் நேராக அவர்முன் செல்லவில்லை. சமைத்தவரும் மேற்பார்வையாளரும் முதலில் சுவைத்தனர். பொன், வெள்ளிக் கலங்கள் சிவப்புத் துணியிலும் செம்பு, பீங்கான் கலங்கள் வெள்ளைத் துணியிலும் கட்டப்பட்டன. ஒவ்வொன்றின்மீதும் உள்ளிருக்கும் உணவின் பெயரை எழுதி, சமையற்கூடத் தலைவரான மீர் பகாவல் தம் முத்திரையை இட்டார். எழுத்தர் ஒருவர் கலங்களின் பட்டியலைத் தனியே அனுப்பினார். வழியில் எவரும் நெருங்காதபடி தண்டமேந்திய காவலர் முன்னும் பின்னும் நடந்தனர்.

இவற்றுள் எதுவும் வெறும் அலங்காரமன்று. நஞ்சு கலக்கக்கூடும், தட்டு மாறக்கூடும் என்னும் ஐயத்திற்கு ஒவ்வொரு செயலும் ஒரு விடை. கங்கை நீர்கூட நம்பிக்கைக்குரியவர்களால் முத்திரையிட்ட சாடிகளில் அனுப்பப்பட்டது. செம்புக் கலங்களுக்கு மாதம் இருமுறை ஈயம் பூசப்பட்டதும் உண்பவரின் உடல்நலம் கருதியே. மீர் பகாவல் பதவியில் அக்பரின் அணுக்கரான ஹக்கீம் ஹுமாம் இருந்ததன் பொருளும் இங்கே விளங்கும்: அரசரின் உயிர் அவர் முத்திரையில் இருந்தது.

கும்பினியார் காலக் கல்கத்தாவில் கித்மத்கார், ஆப்தார் என்னும் பாரசீகப் பெயர்கள் தொடர்ந்தன. பணியின் பொருள் மாறியது. விருந்துக்குச் சென்ற ஆங்கிலேயர் தத்தம் கித்மத்காரையும் உடன் அழைத்துச் சென்றனர். அவர் எசமானின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவருக்கு மட்டும் பரிமாறினார். பணியாளரின் எண்ணிக்கை எசமானின் தகுதியைக் காட்டும் அளவுகோலாயிற்று. முகலாய அவையில் பொறுப்பின் அடையாளமாக இருந்த பரிமாறுபவர், இங்கே பெருமிதத்தின் காட்சிப்பொருளானார்.

எனினும் ஓர் ஒற்றுமை எஞ்சுகிறது. ஹக்கீம் ஹுமாமின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. தட்டைச் சுமந்தவரின் பெயர் ஆக்ராவிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. விருந்துப் பட்டியல்களை ஆராயும் மாணவர்கள், உண்டவை எவை என்பதோடு நின்றுவிட வேண்டாம். முதலில் சுவைத்தவர் யார், பின்னால் நின்றவர் யார் என்றும் அந்த ஆவணங்களிடம் கேளுங்கள்.